உள்ளரங்க ஆட்டத்தைப் படமெடுக்க எந்தக் கேமரா? டர்பன் பெற்றோருக்கு ஒரு கணக்கு

கேம்கார்டர் வாங்கப் போனால் கடையில் முதலில் காட்டுவது ஜூமைத்தான். பெட்டியின் மேல் 30 மடங்கு, 50 மடங்கு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். திறந்த மைதானத்தில், நல்ல வெயிலில் எடுப்பவருக்கு அது உதவலாம். சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு பள்ளி அரங்கத்தில் மகள் ஆடும் நெட்பாலையும், வாரநாள் இரவில் மகன் ஆடும் இன்டோர் கிரிக்கெட்டையும் எடுக்க நினைக்கிறவர் அந்த எண்ணை நம்பி வாங்கினால் பணம் வீண். அரங்கத்துக்குள் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். அடுத்தது நாம் நிற்கும் இடம். ஜூம் மூன்றாவதாகத்தான் வரும்.

என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, ரொம்பச் செலவில்லாமல், பிள்ளை ஆடுவது தெளிவாகத் தெரிகிற மாதிரி எதை வாங்கலாம்?" கல்யாண வீடியோக்காரர் தோளில் வைத்திருக்கிற கேமரா விலைக்கு யாராலும் போக முடியாது. அப்படியானால் மிஞ்சுவது: கையில் ஏற்கெனவே இருக்கிற ஃபோன், விலை குறைந்த சிறிய கேம்கார்டர், யாரோ பயன்படுத்திய நல்ல கேம்கார்டர், நீள லென்ஸ் ஒட்டியே வருகிற பிரிட்ஜ் கேமரா, லென்ஸ் மாற்றும் கேமரா, கம்பத்தில் மாட்டுகிற ஆக்ஷன் கேமரா. இவற்றை ஒப்பிடுவதற்கு முன் அரங்கத்தைக் கொஞ்சம் அளந்துவிடலாம்.

எங்கே நிற்கப் போகிறீர்கள்?

நெட்பால் ஆடுகளம் 30.5 மீட்டர் நீளம், 15.25 மீட்டர் அகலம். பெரும்பாலான கேம்கார்டர்களின் அகலக் கோணம் 27 மிமீ லென்ஸுக்குச் சமமாக இருக்கும் (மிமீ எண் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும்). அதில் ஒரு வீடியோச் சட்டத்துக்குள் (ஃப்ரேம்) அடங்கும் அகலம், நாம் நிற்கும் தூரத்தைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. அதாவது பக்கவாட்டில் நின்று முழுக் களத்தையும் ஒரே சட்டத்தில் பிடிக்க 22 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நம் பள்ளி அரங்கங்களில் கோட்டுக்கும் சுவருக்கும் இடையே நாலு நாற்காலி போட்டாலே பெரிய விஷயம். ஆகவே ஒன்று, கேமராவைத் திருப்பித் திருப்பிப் பந்தைத் தொடர வேண்டும். இல்லையென்றால் கோல் கம்பத்துக்குப் பின்னால் மாடியில் ஏறி நீளவாக்கில் எடுக்க வேண்டும். மாடி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஏறிவிடுங்கள். பயிற்சியாளருக்கு வேண்டிய ஆட்ட அமைப்பு அங்கிருந்துதான் தெரியும்.

சரி, அந்த மாடியிலிருந்து எதிர்முனைக் கோல் கம்பத்தை எவ்வளவு நெருக்கமாகக் காட்ட வேண்டும்? 35 மீட்டர் தூரத்தில் 6 மீட்டர் அகலத்தைச் சட்டம் நிறையக் காட்ட 220 மிமீ போதும். 27 மிமீயில் தொடங்கும் லென்ஸுக்கு அது 8 மடங்கு ஜூம். கொஞ்சம் தாராளமாக 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 50 மடங்கு ஜூமில் பாக்கி 40 மடங்கும் இந்த வேலைக்குத் தேவையே இல்லை.

வெளிச்சம்

தேவையில்லாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். ஆனால் அந்த நீள ஜூமுக்கு நாம் கொடுக்கும் விலை வெளிச்சம். சிறிய உடலில் 30 மடங்கு, 50 மடங்கு ஜூமை அடக்க வேண்டுமென்றால், வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சாரைச் சிறிதாக்கியாக வேண்டும். சோனியின் சிஎக்ஸ்405, பானசோனிக்கின் வி180 இரண்டிலும் இருப்பது 1/5.8 அங்குலச் சென்சார். வகுக்கும் எண் பெரிதாகப் பெரிதாகச் சென்சார் சிறுத்துக்கொண்டே போகும். பார்க்கிறவரை ஏமாற்றும் கணக்கு இது. போதாததற்கு இந்த அங்குலம் உண்மையான அங்குலமும் இல்லை, பழைய வீடியோக் குழாய்களின் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அளவு. 'ஒரு அங்குல' சென்சார் என்று சொல்வது உண்மையில் 13.2 மிமீக்கு 8.8 மிமீ. ஆனாலும் அதன் பரப்பு 1/2.3 அங்குலச் சென்சாரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. 1/5.8 இவை இரண்டுக்கும் கீழே எங்கோ கிடக்கிறது.

அடுத்தது லென்ஸின் எஃப் எண். அது சிறிதாக இருந்தால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். சிஎக்ஸ்405-இன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/1.8. கேட்க நன்றாக இருக்கும். ஜூமை முழுக்க இழுத்தால் அது எஃப்/4.0 ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கடையில் விளக்கெல்லாம் எரிய, ஜூம் இல்லாமல் காட்டும்போது படம் பளிச்சென்று இருக்கும். அரங்கத்தில் பிள்ளையின் முகத்துக்கு ஜூம் போனதும் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும். அதை மறைக்கக் கேமரா தானாகவே படத்தை மழுப்பும். சட்டையின் எண் கூடப் படிக்க முடியாமல் போகும். பிறகு 'கேமராவில் கோளாறு' என்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள். கோளாறு ஒன்றும் இருக்காது.

வேகத்துக்கும் வெளிச்சம்தான் விலை. இன்டோர் கிரிக்கெட்டில் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/50 வினாடி திறந்திருந்தால் அதற்குள் பந்து அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், படத்தில் ஒரு கோடாகத்தான் தெரியும். 1/250 வைத்தால் 11 சென்டிமீட்டர். பந்து பந்தாகத் தெரியத் தொடங்கும். ஆனால் சென்சாருக்குக் கிடைக்கும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு. ஜூமால் ஏற்கெனவே ஐந்தில் ஒன்றாகக் குறைந்த வெளிச்சம் இன்னொரு முறை குறைந்தால் 25-இல் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இதில் இந்த நாட்டு மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பழைய அரங்கங்களின் ட்யூப் விளக்குகளும், உயரத்தில் தொங்கும் மெட்டல் ஹாலைடு விளக்குகளும் வினாடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு சட்டத்துக்கும் முழுத் துடிப்புகளாகவே கிடைப்பதால் படம் சீராக இருக்கும். 1/250 வைத்தால் சில சட்டங்கள் பிரகாசமாகவும் சில மங்கலாகவும், சில சமயம் பட்டை பட்டையாகவும் விழும். ஆகவே பழைய விளக்குள்ள அரங்கத்தில் 1/100-தான் நமக்கு எல்லை. நல்ல எல்இடி விளக்கு மாட்டிய அரங்கத்தில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. அங்கே 1/250-ஐத் தைரியமாக வைத்துப் பார்க்கலாம். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பல இடங்களில் ஜெனரேட்டர் போட்டுத்தான் ஆடினார்கள். அந்த மின்சாரம் 50 ஹெர்ட்ஸிலேயே நிற்கும் என்று சொல்ல முடியாது, 1/100-உம் அப்போது கைகொடுக்காமல் போகலாம்.

இதிலிருந்து வாங்குபவருக்கு இரண்டு பாடங்கள். ஷட்டரை நாமே தீர்மானிக்க முடியாத கேமரா அரங்கத்துக்கு ஆகாது. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த கேம்கார்டர் வினாடிக்கு 60 சட்டம் எடுக்கும் வகையாக இருக்கலாம். தானியங்கியில் விட்டால் 1/60-க்குப் போய் இங்கே படம் துடிக்கும். ஷட்டரை 1/100-இல் பூட்ட முடிந்தால் அதையும் பயன்படுத்தலாம். முடியாவிட்டால் சித்தப்பாவின் அன்பை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி ஒவ்வொன்றாக

ஃபோனை அலட்சியமாக நினைக்க வேண்டாம். மாடிக் கம்பியில் ஒரு பிடிப்பானில் மாட்டி, முதன்மைக் கேமராவில், ஜூம் இல்லாமல் முழுக் களத்தையும் எடுப்பதற்கு இன்றைய நடுத்தர ஃபோன் போதும். பயிற்சியாளர் கேட்பது அவ்வளவுதான் என்றால் ஒரு ரேண்ட் கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. சிக்கல் ஜூமில் வரும். டெலிஃபோட்டோ லென்ஸ் உள்ள ஃபோன்கள்கூட வெளிச்சம் குறைந்தால் சத்தமில்லாமல் முதன்மைக் கேமராவுக்கு மாறி, அதன் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும். வினாடிக்கு 240 சட்டம் எடுக்கும் ஸ்லோமோஷன் வசதியைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். மேலே சொன்ன 100 துடிப்பு அதில்தான் அப்பட்டமாகத் தெரியும். ஒரு மணி நேர ஆட்டத்தில் சூடாவது, இடையில் யாராவது அழைப்பது, நினைவகம் நிறைவது எல்லாம் தனி.

விலை குறைந்த சிறிய கேம்கார்டர்கள்: சிஎக்ஸ்405, வி180, கேனனின் லெக்ரியா எச்எஃப் ஆர்806. கேனனில் மட்டும் சென்சார் கொஞ்சம் பெரிது, 1/4.85 அங்குலம், வெளி மைக் செருகவும் இடமுண்டு. சிஎக்ஸ்405-இல் மைக் துளையும் இல்லை, ஷட்டரை நாமே வைக்கும் வழியும் இல்லை. காவடி ஊர்வலத்தைப் பகலில் எடுக்க இவை அருமையான பொருள்கள்: எடை குறைவு, நிலைநிறுத்தும் வசதி நன்றாக இருக்கும், தாத்தா கையில் கொடுத்தாலும் எடுப்பார். அரங்க விளையாட்டுக்கு என்று கேட்டால், இந்த வகையில் புதியதை வாங்குவதற்கு நான் யாருக்கும் சம்மதம் சொல்ல மாட்டேன். அதே பணத்துக்குப் பழைய சந்தையில் இரண்டு படி மேலான கருவி கிடைக்கும்.

அந்த இரண்டு படி மேலானவற்றில் என் முதல் தேர்வு கேனன் எச்எஃப் ஜி30. 2013-இல் வந்தது. சென்சார் 1/2.84 அங்குலம். 20 மடங்கு ஜூம், 26.8 மிமீயில் தொடங்குகிறது. முக்கியமானது லென்ஸ்: அகலத்தில் எஃப்/1.8, முழு ஜூமிலும் எஃப்/2.8-தான். எஃப்/4-க்கு இறங்கும் லென்ஸைவிட அங்கே இரண்டு மடங்கு வெளிச்சம். ஃபோகஸுக்கு லென்ஸைச் சுற்றி வளையம் உண்டு, ஷட்டரை நாமே வைக்கலாம், இரண்டு எஸ்டி கார்டு போடலாம், மைக்கும் ஹெட்ஃபோனும் செருகலாம். 4கே என்னும் மிக நுணுக்கமான வீடியோ கிடையாது, வினாடிக்கு 50 முழுச் சட்டமாக 1080 என்னும் வழக்கமான எச்டி வீடியோ எடுக்கும். விளையாட்டுக்கு 25 சட்ட 4கேயைவிட 50 சட்ட 1080 மேல் என்பது என் கருத்து. பயிற்சியாளர் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்க்கும்போது அசைவு உடையாது. அடுத்து வந்த ஜி40-உம் இதே குடும்பம்தான். இரண்டில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

சோனியின் ஏஎக்ஸ்53-உம் இந்த வரிசையில் வரும். 2016 மாடல், 1/2.5 அங்குலச் சென்சார், 20 மடங்கு ஜூம், 4கே. லென்ஸ் கூடே ஒரு பந்துபோல மிதந்து அசையும் அதன் நிலைநிறுத்தும் வசதி, முக்காலி இல்லாமல் கையில் பிடித்து எடுப்பவருக்குப் பெரிய வரம். ஆனால் ஜூமில் எஃப்/3.8 வரை இறங்கிவிடும். பழையதாக விற்பவர்களும் 4கே என்ற பெயருக்காகவே விலையை ஏற்றிச் சொல்வார்கள். முக்காலியில் வைத்து எடுப்பவர் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது பிரிட்ஜ் கேமரா. பானசோனிக் எஃப்இசட்1000 பார்க்கப் புகைப்படக் கேமராதான், 2014-இல் வந்தது. உள்ளே அந்த ஒரு அங்குலச் சென்சார். 25 முதல் 400 மிமீ வரை ஜூம், எஃப்/2.8-இல் தொடங்கி எஃப்/4-க்குப் போகும். எஃப் எண்ணை மட்டும் பார்த்தால் ஜி30 ஜெயித்தது போலத் தோன்றும். சென்சாரின் பரப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால் நிலைமை தலைகீழ்: ஜூமை இழுத்த நிலையில்கூட எஃப்இசட்1000-இன் படம் சுத்தமாக இருக்கும், புள்ளிகள் குறைவு. ஒரு எச்சரிக்கை. 4கே வைத்தால் படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டு அகலக் கோணம் 37 மிமீ ஆகிவிடும். இடம் குறைந்த அரங்கத்தில் அது பெரிய இழப்பு, 1080-க்கே வைத்துக்கொள்ளுங்கள். இதன் தம்பி எஃப்இசட்300-இல் 600 மிமீ வரை எஃப்/2.8 மாறாமல் இருக்கும் என்பது கவர்ச்சிதான், ஆனால் சென்சார் 1/2.3 அங்குலம், பணம் குறைவாக இருந்தால் மட்டும்.

பிரிட்ஜ் கேமராவின் உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பல புகைப்படக் கேமராக்கள் 29 நிமிடம் 59 வினாடியில் பதிவை நிறுத்திவிடும். ஐரோப்பாவில் வீடியோ கேமராவுக்குத் தனி வரி போட்டிருந்ததால் வந்த எல்லை அது. நமக்கு வரும் மாடல்களும் அதையே சுமந்துகொண்டு வந்தன. நெட்பாலில் ஒரு கால்பகுதி 15 நிமிடம், இடைவேளையில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் போயிற்று. இன்டோர் கிரிக்கெட் அப்படியில்லை. அணிக்கு எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு ஓவர், ஆக ஓர் இன்னிங்ஸுக்கு 16 ஓவர். அரை மணியைத் தாண்டிவிடும். ஜோடி ஜோடியாக நாலு ஓவர் ஆடுவதால் ஜோடி மாறும் நேரத்தில் நிறுத்தித் தொடங்கலாம். கேமராவுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வைத்துவிட்டுப் போய் டீ குடிக்க விரும்புபவர் ஜி30-ஐ வாங்கட்டும்.

லென்ஸ் மாற்றும் கேமராவில் படம் இவை எல்லாவற்றையும்விட அழகாக வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உடலோடு வரும் கிட் லென்ஸ் ஜூமில் எஃப்/5.6. அதோடு அரங்கத்துக்குள் போவதில் பயனில்லை. எஃப்/2.8 ஜூம் லென்ஸ் வாங்கினால் அதன் விலையே பட்ஜெட்டை விழுங்கிவிடும். எஃப்/1.7 போன்ற ஜூம் இல்லாத லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். டேபிள் டென்னிஸுக்கு, அல்லது தமிழ் எய்ஸ்டெட்ஃபோட் கலைப் போட்டி மேடையில் பாடும் பிள்ளையை எடுக்க அது நன்று. ஓடுகிறவர்களைப் பின்தொடர ஆகாது.

ஆக்ஷன் கேமரா பற்றி அதிகம் சொல்ல இல்லை. மேலே எங்காவது மாட்டி முழுக் களத்தையும் காட்டலாம், முகம் எறும்பளவு இருக்கும். அதைத்தான் ஃபோனே செய்கிறதே.

வலை

இன்டோர் கிரிக்கெட்டை எடுப்பவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும். களத்தைச் சுற்றியும் மேலேயும் வலை. தானியங்கி ஃபோகஸ் பந்தை விட்டுவிட்டு வலையைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை கேமரா திரும்பும்போதும் ஆட்டக்காரர்கள் மங்கி, கயிறு தெளிவாகத் தெரியும். ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டுவதைத் தவிர வழியில்லை. ஜி30-இன் வளையம் இங்கேதான் தன் விலையைச் சம்பாதிக்கிறது. பந்து வீசும் முனைக்குப் பின்னால் நின்று, மட்டைக்காரர் நிற்கும் கோட்டுக்கு ஃபோகஸை வைத்துவிட்டால் அப்புறம் தொட வேண்டாம்.

வலையை மறைக்க லென்ஸை அதற்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும். பெரிய சென்சாரும் கொஞ்சம் இழுத்த ஜூமும் இருந்தால் கயிறு கரைந்தே போய்விடும். சிறிய சென்சார், அகலக் கோணம் என்றால் கயிறு நிழலாக நிற்கும். சின்னக் கேம்கார்டருக்கு இங்கே ஒரு நியாயம் உண்டு: அதன் குட்டி லென்ஸை வலைக் கண்ணிக்கு நடுவிலேயே வைத்துவிடலாம். எஃப்இசட்1000-இன் லென்ஸ் வாய் 62 மிமீ, அது நுழையாது. ஆனால் இந்த ஆட்டத்தில் பந்து வலையில் பட்டால் கூடுதல் ஓட்டம். வலை புடைத்து வெளியே வரும், ஆட்டக்காரரும் வந்து மோதுவார். பக்கவாட்டு வலையில் கேமராவை ஒட்டி வைக்கிறவர் லென்ஸையும் பல்லையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார்.

பழையதை வாங்கும்போது

அடகுக் கடைச் சங்கிலிகளிலும், இணையத்தில் கம்ட்ரீ, பாப் ஷாப் போன்ற இடங்களிலும் இவை வந்துகொண்டே இருக்கும். கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம், அதுவும் டர்பனில். கடற்கரை ஈரத்தில் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். ஃபோன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல் மெல்லிய இழைகள் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு நிமிடம் பதிவு செய்து, அணையாத வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடையின் இருட்டான மூலைக்கு முழு ஜூமில் திருப்பி எடுங்கள். அதுதான் உங்கள் அரங்கத்துக்கு மிக நெருங்கிய சோதனை. ஜூம் போகும்போது கரகரச் சத்தம், கார்டு மூடியின் உடைந்த கொக்கி, எத்தனை சட்டம் எடுக்கும் மாடல் என்பது, இவற்றையும் கவனியுங்கள். பேட்டரி செத்திருந்தால் அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், வாங்காமல் திரும்ப வேண்டாம். மாற்றுப் பேட்டரி கிடைக்கும்.

கையில் உள்ள பணம் முழுவதையும் கேமராவில் போட்டுவிடக் கூடாது. கால்வாசியை ஒதுக்குங்கள். அதில் முதலில் முக்காலி. தலைப்பகுதி எண்ணெய் போட்டதுபோல் வழுக்கித் திரும்ப வேண்டும். புகைப்படத்துக்கான மலிவு முக்காலி பந்தைத் தொடரும்போது குலுக்கிக் குலுக்கித் திரும்பும். அடுத்து இன்னொரு பேட்டரி. கார்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம்: 1080-இல் 50 சட்டம் 28 மெகாபிட் வேகத்தில் பதிவானால் மணிக்கு 12.6 ஜிபிதான், 64 ஜிபி கார்டு ஒன்றில் ஐந்து மணி நேர ஆட்டம் அடங்கிவிடும். பள்ளி அரங்கம் என்றால் எடுக்கும் முன் பள்ளியிடமும் எதிரணி ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படத்துக்குள் வருவது மற்றவர் பிள்ளைகளும்தான்.

மைக் வாங்கலாமா என்று கேட்பார்கள். அரங்கத்தில் கேட்பதெல்லாம் எதிரொலியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் நடுவரைத் திட்டுவதும்தான். அதைத் துல்லியமாகப் பதிவு செய்யப் பணம் செலவழிக்க வேண்டுமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.